கிரேட் பேர் ஏரி பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணே, கனடாலயே பெரிய ஏரி இதுதான்னு சொல்றாங்களே, அப்ப சுப்பீரியர் ஏரி?

பதில்: சுப்பீரியர் பெரிசுதான், ஆனா அதுல அமெரிக்காவுக்கும் பங்கு இருக்கு. முழுசா கனடாவுக்குள்ள இருக்கறதுல இதான் பெரிசு, சுமார் 31,000 சதுர கிலோமீட்டர், பெல்ஜியம் நாட்டையே உள்ள போட்டு முக்கிடலாம். ஆழமும் 400 மீட்டருக்கு மேல. வடக்கு ஓரத்துல ஆர்க்டிக் வட்டமே குறுக்க போகுது, அதான் ஜூலைலகூட ஐஸ் மிதக்கும்.

கேள்வி: பேரு கரடியால வந்ததா?

பதில்: ஆமா. அங்கத்த பழங்குடியான டெனே மக்கள் சொல்ற சாஹ்துங்கற பேருக்கும் கரடி ஏரின்னுதான் அர்த்தம்.

கேள்வி: கரையில ஊர் இருக்கா சார்?

பதில்: ஒண்ணே ஒண்ணு, டெலினே. 500 சொச்சம் பேர். பிளேன்ல போகணும், குளிர்காலத்துல மட்டும் ஐஸ் ரோடு. 1825ல ஜான் பிராங்க்ளின்ங்கற ஆங்கிலேய ஆய்வாளர் இங்க தங்கினப்ப ஆளுங்க ஐஸ்மேல ஹாக்கி ஆடினத கடிதத்துல எழுதிவச்சாரு, அத புடிச்சுக்கிட்டு ஹாக்கி பொறந்ததே எங்க ஊர்லதான்னு இவங்க சொல்றாங்க (இதே மாதிரி சொல்ற ஊர் கனடால இன்னும் நாலஞ்சு இருக்கு).

கேள்வி: அணுகுண்டுக்கும் இந்த ஏரிக்கும் சம்பந்தம்னு படிச்சேன், கட்டுக்கதையா?

பதில்: கதையில்ல தம்பி. 1930ல கில்பர்ட் லபைன் கிழக்குக் கரையில ரேடியம்ங்கற கதிர்வீசுற உலோகம் கலந்த கல்ல கண்டுபுடிச்சாரு, அப்பல்லாம் ரேடியம் தங்கத்தவிட பல மடங்கு வெல, அதுவரைக்கும் பெல்ஜியம்காரங்க காங்கோலேர்ந்து எடுத்து வித்துக்கிட்டிருந்தாங்க. போர்ட் ரேடியம்னு மைன் வந்துச்சு. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே கல்லுல இருந்த யுரேனியம் மேல கண்ணு, அணுகுண்டு செய்யற அமெரிக்காவோட மன்ஹாட்டன் திட்டத்துக்கு போச்சு. டெனே ஆம்பளைங்கதான் மூட்டைய முதுகுல தூக்கி படகுல ஏத்தி, ஏரியிலேர்ந்து வெளிய போற கிரேட் பேர் ஆத்துல தண்ணி வேகமா பாயற எடத்துல எறக்கி மறுபடி ஏத்தி... கோணியிலேர்ந்து மாவு மாதிரி தூசி கொட்டும், அந்த மூட்டை மேலயே படுத்து தூங்கினோம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. இது என்ன தூசின்னு அவங்ககிட்ட யாரும் சொல்லல. அப்புறம் கேன்சர்ல பலபேர் போய்ட்டாங்க. 2005ல வந்த அறிக்கை, மைனாலதான்னு நிரூபிக்க ஆதாரம் பத்தலன்னு முடிச்சிருச்சு, எனக்கு அது இன்னிக்கும் ஜீரணமாகல. ஆனா 1998ல இதே ஊர்க்காரங்க ஹிரோஷிமாவுக்கு போய் வருத்தம் தெரிவிச்சுட்டு வந்தாங்க, எங்க மண்ணுலேர்ந்து போனதாச்சேன்னு!

கேள்வி: இப்ப மைன் ஓடுதா? மீன் புடிக்கலாமா?

பதில்: யுரேனியம் 1960லயே நின்னுச்சு, வெள்ளி மட்டும் 1982 வரைக்கும் எடுத்தாங்க. 2016லேர்ந்து டெலினேக்கு சொந்த அரசாங்கமே இருக்கு. மீனா? 30 கிலோவ தாண்டின லேக் டிரவுட் சிக்கின ஏரி இது, நல்ல தூண்டிலா எடுத்துட்டு போங்க.