உள்ளங்கை வியர்வைக்கு ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்தே இரண்டு உள்ளங்கையும் சொட்டச் சொட்ட வியர்க்கிறது. அப்போது பரீட்சைப் பேப்பர் நனையும். இப்போது பட்டுத் துணியைத் தொடவே பயமாக இருக்கிறது. ஊசி துருப்பிடிக்கிறது. ரேஷன் கடை மெஷின் என் கைரேகையை எடுப்பதில்லை. தூங்கும்போது மட்டும் கை காய்ந்து கிடக்கிறதாம், தங்கை சொல்கிறாள். அம்மாவுக்கும் இளவயதில் இப்படி இருந்ததாம். உடம்புச் சூடு என்று கஷாயம், வெந்தயம், இளநீர் எல்லாம் பார்த்தாயிற்று. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு லோஷன் போட்டேன், எரிச்சல்தான் மிச்சம். நெஞ்சில் சின்ன ஆபரேஷன் செய்தால் ஒரே நாளில் நின்றுவிடும் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்கிறார் அண்ணன். மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாரிடமும் சொல்லாதே என்கிறார் அம்மா. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: இப்போது வேண்டாம் அம்மிணி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஆபரேஷன் என்பது இந்தத் தொல்லைக்குக் கடைசிப் படி. நீங்கள் முதல் படியிலேயே இன்னும் சரியாகக் கால் வைக்கவில்லை. அது உங்கள் குற்றமும் இல்லை. அந்த லோஷனை எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் இந்தச் சூட்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். உங்கள் ஊரில் மார்கழி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், உதடெல்லாம் வெடிக்கும். அப்போதும் உங்கள் கை ஈரமாகத்தானே இருக்கிறது? உடம்பின் மற்ற இடங்களில் வியர்வை முக்கியமாக வெயிலுக்குச் சுரக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வேறு ரகம். அவை மனப் பதற்றத்துக்கும், கவனம் குவிவதற்கும், சில நேரம் காரணமே இல்லாமலும் சுரக்கும். உங்கள் வியர்வைச் சுரப்பிகளில் கோளாறு ஏதும் இல்லை. எண்ணிக்கையிலும் அவை அதிகம் இல்லை. அவற்றுக்கு உத்தரவு போடும் பரிவு நரம்புகள்தான் தேவைக்கு மேல் தூண்டுகின்றன. குழாய் நல்ல குழாய்தான். திறந்துவிடும் கைக்குத்தான் நிதானமில்லை. இளநீர் குடியுங்கள், நல்லது. ஆனால் அது இந்த நரம்பை அடக்காது.

அதற்காக ‘பயந்த சுபாவம், அதனால்தான் வியர்க்கிறது’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கை நனைந்துவிடுமோ என்ற கவலையில் இன்னும் கொஞ்சம் வியர்ப்பது உண்மைதான். நோயின் வேர் அதுவல்ல.

உங்கள் கடிதத்திலேயே பாதி பரிசோதனை முடிந்துவிட்டது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வியர்க்கிறது, 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது, குடும்பத்தில் இருக்கிறது, வேலையைக் கெடுக்கிறது, தூக்கத்தில் நின்றுவிடுகிறது. இத்தனையும் சேர்ந்தால் அது வேறு நோய் இல்லாமல் தானாகவே வரும் மிகை வியர்வைதான். வேறு நோயின் அறிகுறியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு கையில் மட்டும் வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். தைராய்டு, சர்க்கரை, காசநோய், சாப்பிடும் மாத்திரைகள் என்று தேட வேண்டியிருக்கும். தைராய்டு மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, லோஷனுக்கு வருவோம். நீங்கள் வாங்கியது அலுமினியம் குளோரைடு 20 சதவீதம் கலந்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டிலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது சுரப்பியின் வாயில் போய் அடைப்பான் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார அந்த நேரம் கை காய்ந்திருக்க வேண்டும். நீங்கள் தைக்க உட்காரும் முன், பகலில், ஈரக் கையில் போட்டிருப்பீர்கள். தண்ணீர் பட்டால் இந்த மருந்து அமிலமாகிவிடும், எரிச்சல் அதனால்தான். வியர்வை பெருகும்போது மருந்தும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எனவே இரவு படுக்கப் போகும்போது மட்டும் போடுங்கள். போடுவதற்குச் சற்று முன் கை கழுவ வேண்டாம். ஃபேனுக்கு அடியில் கையை விரித்து நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு. ஊசி குத்திய இடம், கீறல் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் கழுவிவிடலாம். தினமும் இப்படிப் போட்டு வந்தால் ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தெரிந்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். கை சிவந்து அரித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அக்குளில் கேட்கிற அளவுக்கு இங்கே கேட்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போதவில்லை என்றால் அடுத்தது தண்ணீர்த் தட்டு சிகிச்சை. என்னைக் கேட்டால் தையல்காரர்களுக்கு இதுதான் சரி. இரண்டு தட்டில் சாதாரணக் குழாய்த் தண்ணீர், தட்டுக்கு ஒரு கை, அதன் வழியே 15 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்சாரம். ஊசி குத்துவது போல லேசாகச் சுரீர் என்று இருக்கும். ஒரு தடவைக்கு 20, 30 நிமிடம். முதலில் வாரம் மூன்று தடவை, கை காய்ந்தபின் வாரம் ஒரு தடவை. தண்ணீரில் உப்புச்சத்து இருந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் குடிக்கத்தான் முடியாது, இதற்கு உதவும்! வளையல், மோதிரம் கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் இது கூடாது. பேட்டரியும் அலுமினியத் தட்டும் வைத்து வீட்டிலேயே செய்யும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாத்திரையும் உண்டு. கிளைகோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். கை காயும், வாயும் காயும். மலச்சிக்கல் வரும், சிலருக்குக் கண் மங்கும். இவை கையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும். பங்குனி சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் உடம்பு வியர்க்காவிட்டால் ஆபத்து. கல்யாணம், இன்டர்வியூ மாதிரியான நாட்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

போடாக்ஸ் ஊசி ஒரு தடவை போட்டால் சில மாதம் தாங்கும். ஆனால் ஒவ்வொரு உள்ளங்கையிலும் பல இடங்களில் குத்த வேண்டும், வலிக்கும், செலவும் அதிகம். அதைவிட, கட்டைவிரல் பிடிப்பு சில வாரம் தளரலாம். ஊசியில் நூல் கோர்த்துப் பிழைக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஆபரேஷன். நெஞ்சில் சின்னத் துளை போட்டு, விலா எலும்புக்குப் பக்கத்தில் ஓடும் அந்தப் பரிவு நரம்பை வெட்டுவார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். கை காய்ந்துவிடும், விழிக்கும்போதே பெரும்பாலோருக்குக் காய்ந்திருக்கும். அதுவரை அவர்கள் சொன்னது சரி. சொல்லாமல் விடுவது அதற்கப்புறம் நடப்பதை. கையில் நின்ற வியர்வை பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்பும். சிலருக்கு நாளைக்கு இரண்டு மூன்று முறை துணி மாற்றும் அளவுக்கு வரும். வெட்டிய நரம்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அபூர்வமாக ஒரு பக்க இமை தொங்கிப்போவதும் உண்டு. வெயில் காலத்தில் மெஷின் முன்னால் முதுகு நனைய உட்கார்ந்திருப்பதைவிட, வாரம் ஒரு நாள் தண்ணீர்த் தட்டில் கை வைப்பது மேல் என்பது என் கட்சி. மற்ற எல்லாம் பார்த்தும் கேட்காமல், முதுகு வியர்க்கும் என்று தெரிந்தும் சம்மதிப்பவர்களுக்குத்தான் இந்த ஆபரேஷன்.

பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரியிலோ கோவை அரசு மருத்துவமனையிலோ தோல் பிரிவு ஓ.பி.யில் காட்டுங்கள். அதுவரை பட்டு தைக்கும்போது மடியில் ஒரு பருத்தித் துண்டு, இடது கைக்கு மெல்லிய பருத்திக் கையுறை. பவுடர் பூசாதீர்கள், பட்டில் அப்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஊசிகளை மெஷின் எண்ணெய் தொட்ட துணியில் குத்தி வையுங்கள். ரேஷன் கடையில் விரலைத் துடைத்த உடனே வையுங்கள். அப்படியும் எடுக்காவிட்டால் மொபைலுக்கு ஓ.டி.பி. வரவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், மறைக்க இதில் ஒன்றுமில்லை. இது தொற்றாது. சின்ன வயதிலிருந்து இருக்கிறது, வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிடலாம். கல்யாணத்துக்குப் பின் குழந்தைக்குத் தயாராகும்போது மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் தண்ணீர்த் தட்டும் கூடாது, மாத்திரையையும் அவரைக் கேட்காமல் போடக் கூடாது.