லண்டன் பயணத்தின் கடைசி நாளில், இரவு விமானத்துக்கு முன் அரைநாள் கிடைத்தால் எங்கே போகலாம்?

சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். என் கடைசி நாளை அங்கேதான் கழித்தேன். மறுபடி லண்டன் போனாலும் கடைசி நாளை அதற்கே ஒதுக்குவேன்.

அரண்மனை, பாலம், கோட்டை என்று கடைசி நாளுக்குள் அலைந்து முடித்திருப்பீர்கள். கால் ஓய்ந்திருக்கும், மனம் பாதி ஊருக்குக் கிளம்பியிருக்கும். அந்த நிலையில் அரச வம்சங்களும் போர்களும் தலையில் ஏறாது. இங்கே இருப்பவையோ மனிதர்கள் உட்கார்ந்த நாற்காலி, படுத்த கட்டில், உடுத்திய துணி, உண்ட தட்டு. கைவேலையை ரசிக்கும் கண் இருந்தால் போதும். நுழைவு இலவசம், சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் கட்டணம். ஆகவே இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்தாலும் உறுத்தாது. எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாதீர்கள், அது ஒரு வாரத்திலும் நடக்காது.

முதலில் தரைத்தளத்து இஸ்லாமியக் கலைக்கூடம். அதன் நடுவில், கண்ணாடிக்குள் தரையோடு விரிந்திருக்கிறது அர்தபீல் கம்பளம். ஈரானின் அர்தபீல் நகரத்தில் இருக்கும் ஷேக் சஃபி அல்தீன் அடக்கத்தலத்துக்காக நெய்யப்பட்டது. நீளம் பத்து மீட்டருக்கு மேல், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். பாவும் ஊடையும் பட்டு, முடிச்சுகள் கம்பளி நூல். ஒரு ஓரத்தில் சிறு கட்டத்துக்குள் இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவராகக் கருதப்படும் மக்சூத் கஷானியின் பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. நம் கணக்கில் 1539-40. சாயம் வெளிறாமலிருக்க, அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே முழு வெளிச்சம் போடுகிறார்கள். நீங்கள் போகும்போது மங்கலாக இருந்தால் நகர்ந்துவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். வெளிச்சம் வந்ததும் நடுவிலிருக்கும் பெரிய வட்டத்தின் இரு முனைகளிலும் தொங்கும் விளக்குகளைப் பாருங்கள். ஒன்று பெரிது, மற்றது சிறிது. சிறிய விளக்கு இருக்கும் முனையில் நின்றால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் என்பது ஒரு விளக்கம். நான் இரு முனைகளுக்கும் நடந்து நடந்து பார்த்தேன். அன்று எனக்கு வேறெதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆனாலும் பிரிட்டிஷ் கூடங்களில் டேவிட் காரிக் என்ற நடிகரின் கட்டிலைத் தேடிப் போனேன். கையால் வரைந்து சாயமேற்றிய அதன் திரைத்துணி 1770களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. படிகாரமும் சாயவேரும் சேர்ந்து தரும் அந்தச் சிவப்பு துவைத்தாலும் போகாது. அப்படி நிலைக்கும் சாயத்தைப் பருத்தியில் ஏற்றும் வித்தை ஐரோப்பாவுக்கு வெகுகாலம் கைவரவில்லை. சொந்த நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்களைக் காப்பாற்ற இங்கிலாந்து இத்துணிகளுக்குத் தடையே போட்டிருந்தது. காரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த துணியையும் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு நம் கைகள் வேலை செய்திருக்கின்றன. அதைப் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அந்தத் துணியில் வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாதது வலித்தது. மக்சூதின் பெயரைப் பார்த்துவிட்டு வந்ததால் இன்னும் அதிகமாக.

நேரம் மிஞ்சினால், புகழ்பெற்ற சிற்பங்களின் வார்ப்பு நகல்கள் நிற்கும் அச்சுவார்ப்புக் கூடம். ரோமின் டிராஜன் தூணின் முழு அளவு வார்ப்பு கூரைக்குள் அடங்காததால் இரண்டு துண்டாக நிற்கிறது. பசித்தால் உள்ளேயே சாப்பிடலாம். கேம்பிள் அறை என்ற பழைய கூடத்தில் இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள், சுவரும் தூணும் பீங்கான் ஓட்டால் மினுங்கும்.

பெட்டியை விடுதியில் ஒப்படைத்துவிட்டு வருவது நல்லது. சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து பிக்காடிலி பாதை ரயில் நேராக ஹீத்ரோ போகிறது, இடையில் மாற வேண்டாம். முனையத்தின் எண்ணைப் பார்த்து ஏறுங்கள், எல்லா ரயிலும் எல்லா முனையத்துக்கும் போவதில்லை.