ஒரு கூரை, இரண்டு அடுப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். சென்னையில் மென்பொருள் வேலை. அப்பச்சி (அப்பா) தவறிய பிறகு ஆத்தாவை (அம்மாவை) அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக விட மனமில்லாமல் எங்களோடு அழைத்து வந்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக ஆத்தாவும் என் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் அடுப்படியில் ஆரம்பித்ததுதான். மனைவியும் வேலைக்குப் போகிறாள். ஆத்தா சொல்வதை அவளிடமும் அவள் சொல்வதை ஆத்தாவிடமும் நான்தான் சொல்கிறேன். சண்டை வராதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை படிக்கிறேன். மனிதர்களின் அறச்சிந்தனை ஆறு படிகளாக வளர்கிறது என்ற அமெரிக்க உளவியலாளர் கோல்பெர்க்கின் அறவளர்ச்சிப் படிநிலைகளைப் படித்தபோது ஒரு கேள்வி வந்தது. இரண்டு பக்க நியாயத்தையும் பார்க்கிற நான் எந்தப் படியில் நிற்கிறேன்? யார் பக்கம் நிற்பது அறம்? ஆத்தாவுக்குப் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது? குடும்பச் சிகிச்சைக்குப் போனோம், மூவரையும் வரச் சொன்னார்கள். "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு" என்று ஆத்தா மறுத்துவிட்டார். மேல்நாட்டுச் சிகிச்சை நம் கூட்டுக்குடும்பத்துக்கு ஒத்துவருமா என்றும் சந்தேகம். பேசாமல் ஆன்சைட் கேட்டு இரண்டு வருடம் வெளிநாடு போய்விடலாமா என்று தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

போன மாதம்தான் ஊரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓடு மாற்றும் வேலை நடந்தது. சுவருக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. நான் வேண்டாம் என்றேன். அந்தச் சுவரில் வரிசையாகப் புகைக் கறை இருக்கிறது, ஒவ்வொரு அடுப்புக்கும் ஒன்று. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவனிடம் நீங்கள் அடுப்படிச் சண்டையைக் கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கோல்பெர்க்கை முதலில் முடித்துவிடுவோம். 1958இல் சிகாகோவில் தன் முனைவர் ஆய்வுக்காக அவர் கேள்வி கேட்டது 10 முதல் 16 வயது வரையிலான பையன்களிடம். ஒரு கதை சொல்லிக் கேட்டார்: சாகக் கிடக்கும் மனைவிக்காக, வாங்கப் பணம் போதாத மருந்தை ஹைன்ஸ் என்பவர் திருடலாமா, கூடாதா? பையன் சொன்ன முடிவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு அவன் சொன்ன காரணத்தை வைத்துத்தான் படி போட்டார். உங்கள் வீட்டில் காரணத்துக்கா பஞ்சம்? இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மூன்றாவது படி. சுற்றியிருப்பவர்கள் 'நல்ல பிள்ளை' என்று சொன்னால் போதும், அதுவே அங்கே நியாயம். நீங்கள் ஐந்தையோ ஆறையோ எதிர்பார்த்திருப்பீர்கள்.

அவரோடு ஹார்வர்டில் வேலை பார்த்த கேரல் கில்லிகன், 1982இல் வெளிவந்த நூலில், இதே ஹைன்ஸ் கதையைக் கேட்ட 11 வயதுப் பிள்ளைகள் இருவரைப் பற்றி எழுதுகிறார். ஜேக் கணக்குப் போடுகிறான்: பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம். ஏமி அப்படிச் சொல்லவில்லை. திருடவும் வேண்டாம், அந்த அம்மா சாகவும் வேண்டாம், கடன் வாங்கிப் பார்க்கலாம், மருந்துக்காரரோடு உட்கார்ந்து பேசலாம் என்கிறாள். கோல்பெர்க்கின் அளவுகோலில் ஏமிக்கு மார்க் குறைவு. எனக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று நீங்கள் கேட்பது ஜேக் கேட்கிற கேள்வி. ஆத்தாவையும் மனைவியையும் ஒரு மேசையில் உட்காரவைக்க யோசனை கேட்டிருந்தால் இவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள்.

மேல்நாட்டுச் சிகிச்சை என்ற சந்தேகத்தையும் விடுங்கள். 1950களில் மர்ரி போவன் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களையே மருத்துவமனை வார்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் டாக்டர் வித்யா சாகர் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவிலும் நோயாளியோடு குடும்பமும் தங்கும் வழக்கம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. ஒருவருக்கு நோய் என்றால் வீட்டையே பார்க்க வேண்டும் என்பது நமக்குப் புதிதில்லை.

இனி நான் சொல்ல நினைத்த விஷயம். 'கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்' என்று கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது.

எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு ஓர் அடுப்பு, ஆத்தாவுக்கு ஓர் அடுப்பு. நடுவில் முற்றம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் இருவரும் கூப்பிட மாட்டார்கள். அதற்குத்தான் நான் இருந்தேனே. ஒருநாள் அப்பத்தாவின் பித்தளைத் தூக்குவாளியைக் காணோம். "ஐயா, ஒங்க ஆத்தாட்டப் போய்க் கேளு, என் தூக்குவாளி எந்த ஊரு யாவாரத்துக்குப் போயிருக்குன்னு." முற்றத்தைத் தாண்டுவதற்குள் அது என் வாயில் "அப்பத்தா தூக்குவாளி கேட்டாக" என்று ஆகிவிடும். ஆத்தா பருப்புக் கடைந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமா, அவுகட்ட இருக்கற சாமானுக்கு அந்த ஒண்ணுதான் கொறச்சலாப் போச்சாக்கும்" என்றார். நான் அப்பத்தாவிடம் வந்து சொன்னது: "நாளைக்கு வந்துருமாம்." அந்தப் பக்கம் சீப்புச் சீடை, இந்தப் பக்கம் மாவுருண்டை. எனக்கு நல்ல காலம்.

நாளை வந்தது, வாளி வரவில்லை. ஈயம் பூசக் கொடுத்திருக்கிறது என்றேன். ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தபோது அப்பத்தா அவரிடமே கேட்டுவிட்டார். அதற்கும் ஒரு கதை சொன்னேன். இப்படியே இன்னும் எத்தனை நாள் ஓட்டியிருப்பேனோ, எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி வாய் திறக்க முடியாமல் பட்டகசாலையில் படுத்துக் கிடந்தேன். தூது போக ஆளில்லை. இரண்டாம் நாள் அப்பத்தா தானே முற்றத்தைக் கடந்தார். அரைமணி நேரம் வீடே அதிர்ந்தது. கல்யாணச் சீரில் வந்த குறையெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் பார்த்தால், பிள்ளை பெற்றிருந்த என் சின்னாத்தாவுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோன வாளி அங்கேயே நின்றுவிட்டிருக்கிறது. "இதச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பிள்ளை பெத்தவளுக்குன்னா நானே குடுத்துவிட்டிருக்க மாட்டனா?" என்றார் அப்பத்தா.

அதன்பிறகு மாமியாரும் மருமகளும் கொஞ்சிக் குலவினார்கள் என்று நினைக்காதீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாளி விஷயம் மட்டும் அன்றோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. கன்னம் வற்றி எழுந்து வந்தால் என்னை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு அடுப்படியிலும் தீனி குறைந்துவிட்டது. சண்டை தீர்ந்ததில் அந்த வீட்டில் வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்.

உங்களுக்கு என்ன தீனி, தம்பி? ஆத்தாவுக்கு நீங்கள் ஒருவர்தான் ஆறுதல். மனைவிக்கு அந்த வீட்டில் தன்னைப் புரிந்துகொள்கிறவர் நீங்கள் ஒருவர்தான். இரண்டு பேரும் நேரே பேசிக்கொண்டால் உங்களுக்கு என்ன வேலை இருக்கும் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு அறையிலிருந்தும் உங்களைத் தேடுகிறார்கள். அது சுமைதான். உள்ளுக்குள் சுகமாகவும் இருக்கும். இல்லை என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

போவன் இதை முக்கோணம் என்றார். இரண்டு பேருக்கிடையில் பதற்றம் கூடினால் அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இழுத்துக்கொண்டதும் அது நிலைத்துவிடும். சண்டை தீராது, முற்றவும் செய்யாது. வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், மூன்றாவது ஆள் தாங்குகிற வரைக்கும். நீங்கள் மாற்றிச் சொல்வதால் சமாதானம் வருகிறது என்று நம்புகிறீர்கள். நடப்பது வேறு. உங்கள் ஆத்தா கேட்பது உங்கள் மனைவி சொல்லாத வார்த்தை. மனைவி கேட்பது ஆத்தா சொல்லாத வார்த்தை. 'சரின்னு சொன்னாளே, பின்ன ஏன் செய்யலை' என்று ஆத்தா குமைகிறார். மனைவி சரி என்றே சொல்லவில்லையே, சொன்னது நீங்கள்! இல்லாத ஒருத்தி மேல் அவர் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபம் எப்படித் தீரும்?

போவன் வெறும் கோட்பாடு பேசினவர் இல்லை. டென்னசி மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். 1967இல் பிலடெல்பியாவில் குடும்பச் சிகிச்சையாளர்கள் கூடிய இடத்தில், தன் சொந்தக் குடும்பத்துக்குள் போய், நடுவில் மாட்டிக்கொள்ளாமல் எல்லோரோடும் நேராகப் பேசிப் பார்த்த கதையைச் சொன்னார். அது 1972இல் அச்சில் வந்தபோது ஆசிரியர் பெயரே போடவில்லை. குடும்பக் கதையை வெளியே சொல்ல அவர்களுக்கும் கூச்சம்தான், பாருங்கள். ஆத்தா வரமாட்டார் என்பதற்காக நீங்கள் சிகிச்சையை விட வேண்டியதில்லை என்பதும் அவரிடமிருந்தே கிடைக்கிறது. மாற நினைக்கிற ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் குடும்பத்துக்கே வேலை செய்திருக்கிறார். நீங்கள் தனியாகப் போங்கள். ஆரம்பத்தில் இருவரும் சேர்ந்து உங்கள்மேல் பாய்வார்கள், பழையபடி இரு என்பார்கள். அதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

ஆன்சைட் யோசனை வேண்டாம். ஊரைவிட்டுப் போய்விட்டால் உறவின் சிக்கல் விட்டுவிடும் என்று நினைப்பதை அவர் தனியாகவே பேசுகிறார். அவர் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்? நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று மூன்று வருடக் கணக்கில் போனார்கள். இங்கே நடந்த சண்டை கப்பலேறித் தபாலில் போய்ச் சேர்ந்தது. உங்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும், அவ்வளவுதான்.

ஆத்தாவுக்குப் பட்ட கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். இவான் போசோர்மெனி நாஜ் என்ற குடும்பச் சிகிச்சையாளர் 1973இல் இதைப் பேரேடு என்றே சொன்னார்: யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் கண்ணுக்குத் தெரியாத பற்று வரவு ஒன்று ஓடுகிறது. செட்டிநாட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டாம். உங்கள் பேரேட்டில் ஒரு தப்பு இருக்கிறது. கடன் வாங்கியது நீங்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஆத்தாவுக்குத் தனிக் குழம்பு வைத்து அந்தக் கடனைக் கட்டுவது உங்கள் மனைவி.

இப்போது கூட்டுக்குடும்பம். இந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லோருக்கும் சினிமாவில் வருகிற ஒரே அண்டா, ஒரே பந்திதான் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் எப்போது ஒரே அண்டா இருந்தது? கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். பாத்திரம் பண்டம் கொடுத்து, வருடத்துக்கு இவ்வளவு அரிசி என்று அளந்து கொடுத்து, தனி உலை. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், அவர்களுக்கென்று ஓர் அறை, அதன் சாவி அவர்கள் இடுப்பில். கோயில் வரிக்கும் அவர்கள் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. அதே கூரைக்குக் கீழேதான் இருப்பார்கள், நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாகத்தான், ஆனால் குழம்புக்கு உப்பு யார் போடுவது என்ற பேச்சே கிடையாது. கைம்பெண்ணான மாமியார்கூடத் தனக்குத் தானே பொங்கிக்கொள்வார். இது சண்டை போட்டுப் பிரிவதில்லை. சண்டை வருவதற்கு முன்னாலேயே செய்கிற ஏற்பாடு. 1974இல் சால்வடோர் மினுச்சின் என்ற குடும்பச் சிகிச்சையாளர் குடும்பத்துக்குள் எல்லைகள் கலங்கிப்போவது பற்றிப் புத்தகம் போட்டார். அவர் சிகிச்சை அறையில் நாற்காலியை மாற்றிப் போட்டுச் செய்துபார்த்த காரியத்தை நம் கொத்தனார்கள் செங்கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த வீடுகளில் பெண்கள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை. வயதான காலத்தில் ஒற்றை ஆளாக அடுப்பு மூட்டுவது எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்காது. ஆனால் பத்துக் குடும்பம் ஒரே வீட்டில் குடியிருந்தும் ஒருவர் தலையை ஒருவர் உடைக்கவில்லையே, அதில் இந்தத் தனி அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் ஆயிரம் சதுரடி அடுக்ககத்தில் ஒரே சமையல் மேடையில் இரண்டு பெண்களை நிறுத்திவிட்டு, அதற்குக் கூட்டுக்குடும்பம் என்று பேர் வைத்து, அது ஏன் நடக்கவில்லை என்று கோல்பெர்க்கைக் கேட்கிறீர்கள்.

ஆத்தாவுக்கு ஒரு தனி அடுப்பு வாங்கிக் கொடுங்கள். பால்கனியிலோ அவர் அறையிலோ ஒரு மின்னடுப்பு, ஒரு சின்ன அலமாரி, அவருக்கென்று அரிசி, பருப்பு, புளி. சமைக்கத் தெம்பும் மனமும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவரே வைத்துச் சாப்பிடட்டும். நல்ல குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் தானாக வரும். உறவுக்காரர்கள், 'வயசான காலத்துல பெத்தவளைத் தனியாப் பொங்க விட்டுட்டான்' என்பார்கள். சொல்லட்டும். மூன்றாவது படியிலிருந்து இறங்கவோ ஏறவோ உங்களுக்கு ஒரு வாய்ப்பு.

ஆத்தாவிடம் இதைக் கேட்கும்போது மனைவியும் பக்கத்தில் இருக்க வேண்டும். "இது அவ சொன்ன யோசனையா?" என்று ஆத்தா உங்களைக் கேட்டால், "அவளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகாதீர்கள். இருவரில் யார் தனியாக வந்து அடுத்தவரைப் பற்றிப் பேசினாலும், "இதை அவகிட்டயே சொல்லிருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தேர்வில் ஹைன்ஸ் கதை வந்தால் ஆறு படியையும் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். நான் சொன்னதை எழுதினால் மார்க் போட மாட்டார்கள்.