முதலில் தண்ணீரைத் திருப்புங்கள்: தோட்டத்துப் பொதுப்பாதை கேள்வி-பதில்

ஏற்காட்டில் நான்கு தோட்டங்களுக்குப் பொதுவான கிராவல் பாதை. நடுவில் முழங்கால் ஆழம் அரித்துவிட்டது. வருடாவருடம் இரண்டு லோடு கொட்டுகிறோம், முதல் மழையிலேயே போய்விடுகிறது. எந்தக் குவாரி கிராவல் நிற்கும்?

எதுவும் நிற்காது. மழை பெய்யும்போதே குடையோடு மேல்முனைக்குப் போய், தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் இறங்குகிறது என்று பாருங்கள். அதை அங்கேயே வெளியே தள்ள வேண்டும். கிராவல் அதற்குப் பிறகுதான்.

சாய்வு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. மேஸ்திரி தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவலே போதும்: 100 அடிக்கு 10 அடி இறங்கினால் 10 சதவீதம். சாய்வு 5 சதவீதம் என்றால் 120 அடிக்கு ஒரு குறுக்குமேடு (தண்ணீரைப் பாதைக்கு வெளியே தள்ளும் மேடு), 10 என்றால் 80 அடிக்கு, 15 என்றால் 60 அடிக்கு. மேட்டை நேர்குறுக்காகப் போடாதீர்கள். 30 டிகிரி போல இறக்கப் பக்கம் சாய்த்துப் போடுங்கள். மேல்பக்கம் பள்ளம், கீழ்ப்பக்கம் மேடு, இரண்டுக்கும் உயர வித்தியாசம் முக்கால் அடி. அதை 12 அடி நீளத்துக்கு இழுத்துவிட்டால் காரின் அடி தட்டாது. தண்ணீர் வெளியேறும் வாயில் கருங்கல் சக்கை பரப்புங்கள்.

பிறகு பள்ளம். அடியில் உள்ள சேற்றை வாரி எறியுங்கள். இருபக்கமும் கொத்தி அகலப்படுத்தி, ஈரமான கிராவலை 4 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். வெறும் பெருங்கல்லைப் போட்டு மூடினால் தண்ணீர் சந்து வழியே உள்ளே ஓடும், மேலே போட்ட மண் இறங்கிவிடும்.

400 அடி நீளம், 10 அடி அகலம். எத்தனை யூனிட் வேண்டும்?

உருட்டியபின் 4 அங்குலம் நிற்க 17, 18 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

எங்கள் பாதையை ஒவ்வொரு வருடமும் பொக்லைன் விட்டுச் சுத்தமாக வழித்துச் சமன் செய்கிறோம். அப்படியும் அரிப்பு அதிகமாகிக்கொண்டே போகிறது. ஏன்?

வழிப்பதால்தான். தோட்டத்துப் பாதைகள் பல இப்படித்தான் கெடுகின்றன. பக்கெட் பாதையை வழிக்கும்போது, தள்ளிய மண் இரு ஓரத்திலும் அரையடி வரப்பாக நின்றுவிடுகிறது. அடுத்த மழைக்கு அந்த வரப்பில் புல் பிடித்துக் கெட்டியாகிறது. இனி பாதையில் விழும் தண்ணீருக்கு வெளியேற வழியே கிடையாது. மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை பாதையிலேயே ஓடும். மறுவருடம் இன்னும் இரண்டு அங்குலம் வழிப்பீர்கள். பத்து வருடத்தில் பாதை இருபக்க நிலத்தைவிட ஒன்றரை அடி கீழே போயிருக்கும். காசு கொடுத்து வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்கள், பாதை போடவில்லை.

திருத்தும் வழி: ஓரத்து வரப்பை முழுக்க எடுங்கள். புல்வேர் உள்ள மேல்மண்ணைத் தோட்டத்துக்குள் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கிராவலை நடுப்பாதைக்கு இழுங்கள். நடு உயரமாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். 10 அடிப் பாதைக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டரை அங்குல வித்தியாசம். சரிபார்க்க 5 அடி அலுமினியச் சட்டத்தின் ஒரு முனையை நடுவில் வைத்து, மேலே ரசமட்டம் வையுங்கள். குமிழி நடுவில் நிற்கும்போது ஓர முனைக்கும் தரைக்கும் இடையே இரண்டரை அங்குலம் தெரிய வேண்டும். ஓட்டுநர் கிளம்பும் முன் 30 அடிக்கு ஒரு இடத்தில் இப்படிப் பாருங்கள். கண்மட்டத்தில் 'சரியா இருக்கு' என்று அனுப்பிவிடாதீர்கள்.

பல் வைத்த பக்கெட் வேண்டாம், தட்டையான விளிம்பு கேளுங்கள். காய்ந்த தரையை வழிக்கவே கூடாது: பொடி பறந்துவிடும், கற்கள் உதிரியாக மேலே கிடக்கும். நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்துச் செய்யுங்கள். பாதை ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் வரப்பை எடுத்துப் பயனில்லை. பாதையை உயர்த்துங்கள், அல்லது பக்கத்து நிலத்துக்குள் நீளமாக வாய்க்கால் வெட்டி வெளியேற்றுங்கள்.

பாதைக்கு அடியில் போட்ட 9 அங்குல ஹியூம் குழாய் (கான்கிரீட் குழாய்) அடிக்கடி அடைக்கிறது. வெளிவாயில் கிணறு மாதிரி பள்ளம்.

9 அங்குலம் காப்பி இலைக்கே அடைபடும். குறைந்தது ஒரு அடி விட்டம், முடிந்தால் ஒன்றரை. லாரி போகும் பாதைக்கு என்பி3 ரகம் (கம்பி வைத்த வலுவான குழாய்). குழாய்க்கு மேல் ஒரு அடி மண் இருக்கட்டும். 20 அடி நீளத்துக்கு அரையடி இறக்கம் கொடுங்கள். உள்வாய்க்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி சேற்றுக்குழி, குழாயின் அடிமட்டத்துக்கு ஒரு அடி கீழே. வெளிவாய் அந்தரத்தில் தொங்குவதால்தான் பள்ளம் விழுகிறது. குழாயை அசல் தரை வரை நீட்டி, விழும் இடத்தில் சக்கை அடுக்குங்கள்.

வெட்டிவேர் நட்டால் போதுமா?

ஓரச் சரிவைப் பிடிக்கும். பாதை நடுவில் ஓடும் தண்ணீரை நிறுத்தாது. நாற்றுக்கு நாற்று அரையடி, சமமட்டக் கோட்டில், மழை தொடங்கும்போது நடுங்கள்.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு. 18 சதவீத ஏற்றம், கிராவல் உருண்டு பைக் வழுக்குகிறது.

அந்தச் சாய்வில் கிராவல் நிற்காது. சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கும் இரண்டடி அகலம், 5 அங்குல கனத்தில் எம்20 ரகக் கான்கிரீட் போட்டு, மேற்பரப்பைத் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிடுங்கள். கீழ்முனையில் ஒன்றரை அடி ஆழம் இறக்கிப் பிடிமானச் சுவர் கட்டாவிட்டால் அடியில் அரித்துப் பலகை தொங்கும். கான்கிரீட்டின் மேல்முனைக்கு வரும் முன்பே தண்ணீரைத் திருப்ப மறக்காதீர்கள்.

பாதை இன்னொருவர் பட்டாவில் போகிறது. எங்களுக்கு வழிநடை உரிமை உண்டு. ரிப்பேர் செலவில் அவர் பங்கு தர மறுக்கிறார்.

அவர் தரவேண்டியதில்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி செலவு உரிமையை அனுபவிப்பவருடையது. 24-ஆம் பிரிவு பழுதுபார்க்க உங்களை அனுமதிக்கிறது. அந்த வேலையில் அவர் நிலத்துக்குச் சேதம் வந்தால் இயன்றவரை சரிசெய்தும் கொடுக்க வேண்டும். குறுக்குமேட்டுத் தண்ணீரை அவர் மிளகுக்கொடிக்குள் விட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். பத்திரத்தில் வேறு ஏற்பாடு இருந்தால் அதுவே செல்லும்.

அனுபவிப்பவர்களுக்குள் அடிக்கணக்கில் பிரியுங்கள்: ஐந்து பேர் என்றால், உதாரணமாக முதல் 200 அடி ஐவருக்கும், மிச்ச நீளம் அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மட்டும். கூரைத் தண்ணீரைப் பாதையில் விடுபவர் அதைத் திருப்பும் செலவைத் தனியாகத் தரட்டும். எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே கிராவல் கொட்டலாமா?

கூடாது. மண்வெட்டியோடு போய் ஓரத்து வாய்களை மட்டும் திறந்துவிடுங்கள்.