அடுப்புக் கணக்கும் மிச்ச உணவும்: படிவத்தை நம்பலாமா, தராசை நம்பலாமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 60 வீடுகள் உள்ளன. ஒவ்வொரு வீட்டிலும் எரிபொருள் எவ்வளவு செலவாகிறது, உணவு எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கை நன்கொடை நிறுவனம் கேட்கிறது. வீட்டுக்கு ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் அறிக்கை தயார் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். அவரிடம் ஒப்படைக்கலாமா, நாங்களே செய்ய முடியுமா?

பதில்: நீங்களே செய்யலாம். நல்ல தராசும் தடித்த நோட்டும் வீடு வீடாக ஏறி இறங்கும் பொறுமையும் இருந்தால் போதும். அந்த ஆலோசகரின் படிவத்தில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: நேற்று எவ்வளவு விறகு எரித்தீர்கள், வாரத்துக்கு எவ்வளவு உணவைக் கொட்டுகிறீர்கள் என்ற வகைக் கேள்விகள். விறகைக் கிலோ கணக்கில் நினைத்து அடுப்பில் வைப்பவர் எவருமில்லை; உணவைக் கொட்டுகிறேன் என்று முன்பின் தெரியாதவரிடம் ஒப்புக்கொள்பவரும் அரிது. வீட்டாரே குறித்து வைக்கும் குறிப்பேடுகூட எடைபோட்டுப் பார்த்ததைவிடக் குறைவாகவே காட்டுகிறது என்பது இத்துறையில் பழகிப்போன அனுபவம்.

விறகை அளப்பதற்கு 1980களிலிருந்தே எளிய முறை ஒன்று வழக்கில் உள்ளது. முதல் நாள் வீட்டிலுள்ள விறகை எடைபோட்டுத் தனியாக அடுக்கி, அந்த அடுக்கிலிருந்து மட்டுமே எடுத்து எரிக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குச் சென்று மிச்சத்தை எடைபோட்டு, இடையில் புதிதாக வந்து சேர்ந்ததையும் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்படிக் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து, விருந்தும் விழாவும் இல்லாத நாட்களில் செய்யுங்கள். ஈர விறகின் எடையில் கணிசமான பகுதி தண்ணீர் என்பதால் ஈரப்பதமானி ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ பாருங்கள். எரிவாயு உருளையைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடைபோட்டால் போதும். ஆனால் ஒரு நாளில் குறைவது சில நூறு கிராம்தான் என்பதால், அரைக் கிலோவுக்குக் கீழே காட்டாத தராசு அதற்கு உதவாது. மின்சாரத்துக்கு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டில் காலையில் எரிவாயுவும் மாலையில் விறகும் மழை நாளில் கரியும் எரிவது வளரும் நாடுகளில் வெகு சாதாரணம். இருந்தும் அரசுக் கணக்கெடுப்புகள் பலவும் 'முதன்மை எரிபொருள் எது' என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன. எரிவாயு என்று பதில் வந்ததும் அந்த வீடு விறகை அடியோடு விட்டுவிட்டதாக அறிக்கை எழுதப்படுகிறது. ஆண்டுக்கணக்காக எத்தனையோ பேர் சுட்டிக்காட்டியும் இந்தக் கேள்வி மாறவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. நீங்களாவது எல்லா அடுப்புகளையும் அளந்துவிடுங்கள்.

ஆளுக்கு எவ்வளவு எரிபொருள் என்று கணக்கிட, வீட்டிலுள்ள தலைகளை எண்ணி அப்படியே வகுத்துவிடாதீர்கள். 15 முதல் 59 வயது வரையுள்ள ஆணை 1 என்று கொண்டால், 14 வயது வரையுள்ள குழந்தைக்கு 0.5, அதற்கு மேற்பட்ட பெண்ணுக்கும் 59 வயது கடந்த ஆணுக்கும் 0.8 என்பது வழக்கமான கணக்கு. அந்தந்த நாளில் அங்கே உண்மையில் சாப்பிட்டவர்களையே எண்ண வேண்டும்.

உணவுக்கு வீட்டுக்கு இரண்டு வாளிகள் கொடுங்கள்: தோல், எலும்பு, கொட்டை போன்ற உண்ண முடியாதவை ஒன்றில், உண்ணக்கூடியவை மற்றொன்றில். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, வீடுகளில் வீணாவது உலக சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ என்கிறது. நாளுக்கு 216 கிராம் அளவில் வரும் இந்தக் கணக்கில் இரண்டு வாளிகளும் அடக்கம். ஏழை நாட்டு வீடுகளில் எதுவும் வீணாவதில்லை என்ற பழைய நம்பிக்கைக்கும் அதில் ஆதரவில்லை: உயர் வருவாய், மேல் நடுத்தர வருவாய், கீழ் நடுத்தர வருவாய் நாடுகளின் சராசரிகளுக்கிடையே வேறுபாடு 7 கிலோ மட்டுமே. உங்கள் விடை 20 கிராம் என்று வந்தால் மகிழ்வதற்கு முன், மீதம் எந்த வழியாக வெளியேறியது என்று தேடுங்கள்.

அந்த வழிகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிச்ச உணவு கால்நடைக்குத் தீவனமாகப் போனால் ஐ.நா. கணக்கில் அது வீணான உணவு அல்ல. அதே உணவு எருக்குழிக்குப் போனால் வீணானதுதான். எருவும் பயன்தானே என்று உங்கள் உறுப்பினர்கள் வாதிடுவார்கள்; வாதத்தில் நியாயம் உண்டு, ஆனாலும் வரையறை அப்படித்தான் இருக்கிறது. ஆட்டுக்கு வைத்தது, கோழிக்கு இறைத்தது, தெருநாய்க்குப் போட்டது, ஆடு முகர்ந்துவிட்டு விட்டுப்போனதால் பிறகு குப்பைக்கு வந்தது என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஆகவே எது வீண், எது வீணில்லை என்று வீட்டு வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லாமல், முதலில் எடைபோட்டு, போய்ச் சேர்ந்த இடத்தை எதிரே எழுதிவிடுங்கள். பிற்பாடு எந்த வரையறையைக் கேட்டாலும் கூட்டிக் கொடுக்கலாம். வடிகாலில் ஊற்றிய நீர்த்த உணவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். எடைபோட ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் வீடுகள் சிக்கனமாகிவிடுவதால், முதல் நாள் எடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

இனி அந்தக் கையெழுத்து. அடுப்புக் கணக்கோடு கையெழுத்தும் கேட்கப்படும்போது, புகையும் விறகும் குறைவதால் கிடைக்கும் கார்பன் வரவின் (உமிழ்வு குறைந்ததற்கு ஈடாக எழுதப்பட்டு விற்கப்படும் சான்றின்) உரிமையை வீட்டார் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி அந்தத் தாளில் இருக்கக்கூடும். அத்தகைய வரவுகளில் லாபம் பார்ப்பவருக்குப் பழைய அடுப்பு நிறைய விறகைத் தின்றதாகவும், புதிய அடுப்பு எல்லா வீட்டிலும் எந்நாளும் எரிவதாகவும் எண்கள் அமைந்தால் கொண்டாட்டம். படிவமும் பொதுச் சராசரியும் அதற்குத் தோதானவை, தராசு தோதானதல்ல. இது என் சொந்தச் சந்தேகம் மட்டுமன்று. 'நேச்சர் சஸ்டைனபிலிட்டி' ஆய்விதழில் 2024இல் வந்த ஆய்வு, தான் பரிசோதித்த சமையல் அடுப்புத் திட்டங்கள் உண்மையான உமிழ்வுக் குறைப்பைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு வரவு எழுதியிருந்ததாகக் கணித்தது. இதைத் தடுக்க வேண்டிய சரிபார்ப்பாளருக்கான கட்டணத்தைத் திட்டக்காரரே கொடுக்கும் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களையே கேட்க வேண்டும்.

ஆலோசகரின் தாளை எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். எடை நோட்டின் மூலப்படி உங்கள் குழுவிடமே இருக்க வேண்டும், படத்தை மட்டும் அனுப்புங்கள். நன்கொடை நிறுவனம் ஒரு வாரத்துக்குள் கேட்டால், 60 வீடுகளையும் கேட்டு எழுதுவதைவிட, சீட்டுக் குலுக்கித் தேர்ந்த 20 வீடுகளை முறையாக எடைபோட்டுத் தருவதாக இப்போதே கடிதம் எழுதிவிடுங்கள். புதிய அடுப்பு வந்தபின் மறுபடி அளப்பதானால் அதே 20 வீடுகளுக்கு, அதே பருவத்தில் செல்லுங்கள்.