ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப் போயும் ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போவதில் என்ன பயன்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இரண்டு பேருந்து நிறையப் பிள்ளைகளோடு போயிருக்கிறீர்கள். வனத்துறை வண்டியில் ஒரு சுற்று, முகாம் யானையோடு ஒரு படம், சாயங்காலமே பொள்ளாச்சி. தப்பாக நினைக்காதீர்கள், அறிவியல் ஆசிரியரான நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். திரும்பும்போது ஒரு பையன், "மிருகக்காட்சி சாலைக்கே போயிருக்கலாம் சார்" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாம் முறை எட்டாம் வகுப்பில் 22 பேரை மட்டும் கூட்டிப் போனேன். பிப்ரவரி முதல் வாரம். முறையாக அனுமதி வாங்கி, மலசர் பழங்குடி வழிகாட்டி ஒருவரோடு கரியன் சோலைப் பக்கம் நடை. தொடக்கத்தில் எல்லாம் தேக்கு. இலை உதிர்ந்து கிடக்கும் நேரம், காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். "புள்ளைங்க பேசறதுகூடப் பரவால்லைங்க சார், இந்தச் சருகுச் சத்தத்துக்கே எல்லாம் ஓடியிருக்கும்" என்றார் வழிகாட்டி.

அப்புறம் சோலைக்குள், அதாவது இலை உதிராத பசுமைக் காட்டுக்குள் நுழைந்தோம். நாலு எட்டு வைப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. காலடியில் ஈர மக்கு, வெயில் மேலேயே தங்கிவிட்டது, கழுத்தில் சில்லென்று காற்று. எதுவும் சொல்லாமல் உட்கார வைத்தேன். வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காராத பையன் ஒருவன்தான் முதலில் கவனித்தான்: ஒரே ஒரு மரத்தடியில் மட்டும் விதைகள் குவிந்து கிடந்தன, பக்கத்து மரங்களின் கீழ் ஒன்றுமில்லை. வழிகாட்டி மேலே விரலை நீட்டினார். மரப் பொந்தின் வாயை அடைத்துப் பூசி, ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் கூடு.

பெண் பறவை உள்ளே போய் எச்சத்தையும் பழச் சக்கையையும் வைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். மாதக்கணக்கில் ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், ஒருவர் முகத்திலும் எதுவும் தெரிந்ததில்லை. அன்றைக்கு உடனே விலகி, வெகுதூரம் பின்னால் போய், மரங்களுக்குப் பின்னே காத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து, நீராவி எஞ்சின் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் தலைக்கு மேலே. சிறகுச் சத்தம்தான். ஆண் இருவாச்சி தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கிக் கீறல் வழியாக ஊட்டியது. 17 என்றான் அந்தப் பையன். இல்லை 19 என்று பக்கத்தில் ஒரு பெண் சண்டைக்கு வந்தாள், அதுவும் கிசுகிசுப்பாக! யானையும் வரவில்லை, புலியும் வரவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

கூடு இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று சிலர் வருவீர்கள். தேடிப் போகவில்லை, தெரிந்ததும் விலகிவிட்டோம், வழிகாட்டி சொன்ன இடத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. இன்னும் சிலர் தேனிப் பக்கம் மலையேறப் போனவர்கள் சிக்கிய குரங்கணிக் காட்டுத்தீயைச் சொல்வீர்கள். 2018 மார்ச் 11-ஐ நானும் மறக்கவில்லை, 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதனால்தான் புல் காய்ந்த சரிவுப் பக்கமே போகவில்லை, வனத்துறை மூடச் சொன்னால் வாய் பேசாமல் மூட்டையைக் கட்டிவிடுவேன். 'தேக்குத் தோட்டமெல்லாம் காடா' என்பவர்களுக்கு: ஆமாம், அது காடு இல்லைதான். வெட்டின மரத்தை மேலிருந்து சரித்துவிட்டதால்தான் அந்த இடத்துக்கே டாப்சிலிப் என்று பெயர். மொட்டையாகிக்கொண்டிருந்த மலையில் மறுபடி தேக்கை வளர்த்த ஆங்கிலேய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என் பிள்ளைகள் காலாலேயே தெரிந்துகொண்டார்கள்.

இதற்குப் பள்ளியில் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளும் என் சொந்த விடுப்பில் கழிந்தது. குழுப் படம் எங்கே, பேனர் எங்கே என்று கேட்டார்கள். பிளாஸ்டிக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்கிற காட்டுக்குள் பிளெக்ஸ் பேனரை நான் எப்படிக் கொண்டுபோவது? அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சியில் தெர்மாகோலில் காடு செய்த மாணவனுக்கு முதல் பரிசு. செய்தது அவன் அப்பா, அது பள்ளிக்கே தெரியும். விதைக் குவியலைக் கண்டுபிடித்த என் பையன் நோட்டில் வரைந்து வைத்திருந்த பொந்துக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. சரி, அது வேறு கதை.

உங்களுக்கு என் யோசனை: அடுத்த முறை 25 பேருக்கு மேல் வேண்டாம். வெள்ளைச் சட்டை வேண்டாம். வெயில் காலத்தில் அட்டை குறைவு, ஆனால் உண்ணி ஏறும். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகச் சொல்லுங்கள். உடற்கல்வி ஆசிரியர் துணைக்கு வந்தால் நல்லது, விசிலை மட்டும் முதலிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.