கூட்டம் சேர்ந்தால் கை ஓடவில்லை

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். தண்ணி லாரி வந்தால்கூட முன்னால் போய்க் கேட்கத் தயங்குவேன், 'இந்தப் பொண்ணு வாயே திறக்காதா' என்பார் எதிர்வீட்டு ஆயா. ஆனால் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, எழுத்திலேயே நடக்கிற ஆன்லைன் விளையாட்டில் நான் ஒரு வைத்தியச்சி. ஒருத்தரோடு என்றால் நன்றாக எழுதுகிறேன். பத்துப் பேர் கூடிவிட்டால் கை ஓடவில்லை. இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா? நான் போடுவது பொய் வேஷமா?

பதில்: பொய்யே இல்லை. அந்த வைத்தியச்சியின் ஒவ்வொரு வரியையும் நீங்கள்தானே யோசித்து எழுதுகிறீர்கள்! இந்த வகை விளையாட்டுக்கு 'மட்' என்று பெயர். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது, அறை, மழை, ஆள் எல்லாம் எழுத்துதான். 1996-ல் பார்ட்டில் எழுதிய கட்டுரையில், ஜெயிக்க வருகிறவர்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பழக வருகிறவர்கள், மற்றவரைத் தாக்கி ரசிப்பவர்கள் என்று ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தார். அதனால் எல்லாரும் கூட்டத்தில் கலகலப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சரி, பத்துப் பேர் விஷயத்துக்கு வருவோம். அங்கே பேசியே ஆக வேண்டாம், பாத்திரம் என்ன செய்கிறது என்பதை எழுதிக் காட்டும் 'எமோட்' கட்டளை எதற்கு இருக்கிறது? 'வைத்தியச்சி தலை நிமிராமல் வேரை அரைத்துக்கொண்டிருக்கிறாள், போர்வீரனின் காயத்தில் சுற்றிய துணியில் ரத்தம் கசிவதை மட்டும் ஒருமுறை பார்க்கிறாள்' என்று ஒரே வரி போடுங்கள், போதும். போர்வீரனாக ஆடுகிறவர் தன் காயத்தைப் பற்றி அரைமணி நேரத்துக்கு முன்பு எழுதியதை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் உங்கள் பக்கம் திரும்புவார், அப்புறம் அந்தப் பத்துப் பேருக்கு நடுவிலேயே உங்களுக்குப் பழக்கமான ஒருவரோடு ஒருவர் உரையாடல் தொடங்கிவிடும். இப்படிக் கவனித்துப் படிப்பது அமைதியானவர்களுக்கு இயல்பாக வரும், வேகமாகத் தட்டுகிறவர்கள் பலர் அதைத்தான் தவறவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுவதால் தடுமாற்றம் என்றால், உங்கள் பாத்திரம் அடிக்கடி செய்கிற காரியங்களுக்கு நாலைந்து வரிகளை நோட்பேடில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: 'அவன் பயந்துபோனான்' என்று அடுத்தவர் பாத்திரத்தின் உணர்ச்சியை நீங்கள் எழுதக் கூடாது, அது அவர் எழுத வேண்டியது.

களைப்பாக இருந்தால் 'ஓஓசி', அதாவது பாத்திரத்துக்கு வெளியே நின்று, கிளம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தியச்சியோடு நெருங்கிப் பழகும் ஆள் உங்கள் போன் நம்பரையோ வீட்டு முகவரியையோ கேட்டால், கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கே நிர்வாகம் பார்க்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.